கத்துவதற்கென்று ஒருவர்

திருக்கோவிலூரில் அன்று ராத்திரி பேய்மழை. காஞ்சிபுரத்துப் பொய்கையாழ்வார் ஓர் இடைகழியில் ஒதுங்கிப் படுத்தார். மாமல்லபுரத்துப் பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்ட, ‘ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம்’ என்று எழுந்து உட்கார்ந்தார். மயிலாப்பூர்ப் பேயாழ்வாரும் வந்தார்; மூவரும் நின்றார்கள். வாசலுக்குப் போகிற வழியை இப்படி அடைத்திருந்தால் தீயணைப்பு அதிகாரி அங்கேயே நோட்டீஸ் ஒட்டியிருப்பார். அதற்குள் நாலாவதாக யாரோ நெருக்கினார்கள். வந்தவர் உலகளந்த பெருமாள். உலகத்தையே அளந்தவருக்கு நிற்க வேறு இடமா கிடைக்கவில்லை?

நெருக்குவது யாரென்று பார்க்க விளக்கு வேண்டுமே. பொய்கையார் பூமியை அகலாக்கி, கடலை நெய்யாக்கி, சூரியனை ஏற்றினார். எண்ணெய்ச் சட்டி பற்றினாலே அடுப்பங்கரை காலி என்கிற நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. போதாக்குறைக்கு இந்த ஊர் மூலவர் திருமேனி மரம் என்பார்கள். பூதத்தார் சாமான் எல்லாவற்றையும் மனசுக்குள்ளிருந்தே எடுத்து இரண்டாவது விளக்கை ஏற்றினார்.

பேயார் எதையும் கொளுத்தவில்லை. பார்த்துவிட்டேன் என்றார், நிறம் இன்னது, கையில் இன்னது என்று நூறு பாட்டில் தகவல் சொன்னார். ஸ்மோக் அலாரத்துக்கும் இதே உத்தியோகம்தான். கொளுத்தாது, அணைக்காது, கண்டதைக் கத்தும். ஒரு வகை அலாரத்துக்குள் துளியூண்டு அமெரிசியம்-241 இருக்கிறது. அது காற்றில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கும். புகை நுழைந்து மின்னோட்டம் குறைந்தால் அலாரம் ஊரைக் கூட்டும். அடுப்புக்கு நேர் மேலே மாட்டினால் மிளகாய் தாளிக்கிற போதெல்லாம் கத்தும். அப்புறம் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி பேட்டரியைப் பிடுங்கிவிடுவார்.

பிடுங்குவதற்கும் திருக்கோவிலூர்தான் முன்னோடி. இங்கே அரசாண்ட மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியோடு வந்தான். மற்ற வாசல்காரர்கள் கும்பிட்டு வழிவிட்டார்கள். கடைசி வாசலில் தத்தன் மட்டும், ராஜா தூங்குகிறார், நேரம் பார்த்துப் போங்கள் என்றான். கேட்டால்தானே? உள்ளே போய்க் குத்தினான். தத்தன் வாளோடு பாய்ந்தபோது, விழுந்துகொண்டே ராஜா, இவர் நம்ம ஆள், பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்றார். தத்தனும் விட்டுவிட்டு வந்தான்; வழியில் அடிக்கத் திரண்ட ஊர் ஜனத்தையும் அவனேதான் தடுத்தான்.