24 நிமிடம் யார் கணக்கில்?

ராயப்பேட்டையில் மணிக்கூண்டும் இருக்கிறது. வருஷத்தின் முதல் நாளையே மாற்றிக்காட்டிய கட்சியின் தலைமையகமும் இருக்கிறது. 2008இல் தி.மு.க. அரசு சட்டம் போட்டுத் தை முதல் நாளைப் புத்தாண்டு ஆக்கியது. 2011இல் அந்த ராயப்பேட்டைக் கட்சியான அ.தி.மு.க.வினர் ஆட்சிக்கு வந்தார்கள்; இன்னொரு சட்டம் போட்டுச் சித்திரைக்கே திருப்பினார்கள். இரண்டு முறையும் நாம் வாழ்த்துச் சொன்னோம். வருஷம் எங்கே தொடங்குகிறது என்று இத்தனை சண்டை போட்டவர்களில், அதன் நீளம் சரிதானா என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

சரியில்லை. வாக்கியப் பஞ்சாங்கத்தின் வருஷம் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 விநாடி. பருவங்கள் ஒரு சுற்று வர ஆவதோ 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 46 விநாடி. வருஷத்துக்கு ஏறக்குறைய 24 நிமிடம் கூடுதல். பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது வருஷமும் முடிவதற்குள் ஏறக்குறைய ஒரு முழு நாள் நழுவிவிடுகிறது. விவேகானந்தர் பிறந்த 1863இல் மகர சங்கராந்தி ஜனவரி 12. இப்போது பொங்கல் 14, சில வருஷம் 15. டிசம்பர் 21, 22லேயே வடக்கே திரும்பிவிட்ட சூரியனை மூன்று வாரம் வாசலில் நிற்கவைத்துவிட்டு, உத்தராயணம் பிறந்தது என்று கும்பிடுகிறோம். தையும் நழுவுகிறது, சித்திரையும் நழுவுகிறது. இதில் எது தமிழன் மானம் என்று வேறு விவாதம்!

சொல்ல ஆள் இருந்தார். 1952இல் இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைத்தார்கள். சுமார் முப்பது வகை நாட்காட்டிகளை அலசி 1955இல் அறிக்கை வந்தது. அடுத்த வருஷமே சாகா போய்விட்டார். 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறையில் இருக்கிறது, அதாவது அரசிதழின் உச்சியில் இருக்கிறது. அதைப் பார்த்து முகூர்த்தம் குறித்த ஒரு குடும்பத்தைக் காட்டுங்கள்.

நாம் பார்ப்பது சுவரில் தொங்கும் தினசரித் தாளை. திங்கள் என்றால் ராகு காலம் 7.30 முதல் 9. சென்னையில் சூரியன் மே கடைசியில் 5.40ஐ ஒட்டி உதிக்கட்டும், ஜனவரி கடைசியில் 6.35க்கு உதிக்கட்டும், தாளின் ராகு காலக் கணக்குக்கு வருஷம் முழுக்க உதயம் ஆறு மணிதான். பகுத்தறிவு பேசும் வேட்பாளரும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்தல் அலுவலகத்து வாசலில் ராகு காலம் முடியட்டும் என்று நிற்கிறார்.

தப்பைத் திருத்தினால் யாருக்கு நஷ்டம்? சனி பகவானைக் கேளுங்கள். 2023இல் திருத்திய கணக்கான திருக்கணிதப்படி ஜனவரி 17 அன்று கும்பத்துக்குப் போனார். வாக்கியப்படி டிசம்பர் 20 அன்று மறுபடியும் போனார். வானத்தில் ஒரே சனி. கீழே இரண்டு பெயர்ச்சி, இரண்டு பரிகார ஹோமம், இரண்டு ரசீது, டி.வி.யில் இரண்டு தவணை ராசிபலன். வரிசையில் நின்ற பன்னிரண்டு ராசிக்காரர்களில் ஒருவராவது, “இவர் ஜனவரியிலேயே போயிட்டாரே சாமி” என்று வாய் திறக்க வேண்டுமே!