டீசன்டான ஆள்: கதிரவெளியில் வழங்கும் நற்குண ஆங்கிலம் பற்றிய ஆய்வு

நல்லவர் யார் என்ற கேள்வியைத் தத்துவ அறிஞர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் துருவிவிட்டார்கள். ஒருவரை நல்லவர் என்று எந்தச் சொல்லால், யார் காதில் விழும்படி, என்ன காரியத்துக்காகச் சொல்கிறோம் என்பதை மட்டும் யாரும் தொடவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு கதிரவெளித் தேநீர்க் கடை வாங்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆய்வுப் புலம் மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில், வாகரையைத் தாண்டி வெருகலுக்குப் போகும் வழியில் உள்ளது. பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் உள்ள ஊர் என்பதால் தொல்லியலாளர்கள் நமக்கு முன்னரே இதை அறிவார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்கள் நல்லவர்களா என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.

முன்னோர் நூல்களைப் பார்த்தோம். வள்ளுவர் சான்றாண்மைக்குத் தொண்ணூற்றொன்பதாம் அதிகாரத்தை ஒதுக்கிப் பத்துக் குறள் செய்தார். இலண்டனில் ரோஜெட் என்ற மருத்துவர் 1852இல் ஆங்கிலச் சொற்களையெல்லாம் இனம் பிரித்து ஒரு களஞ்சியம் வெளியிட்டார். நற்குணத்துக்கு ஒரு தலைப்பு, பக்கத்திலேயே தீக்குணத்துக்கு ஒரு தலைப்பு. இருவருமே பெரியவர்கள். ஆனால் இருவரில் ஒருவரும் பெண் வீட்டார் சார்பில் மாப்பிள்ளை விசாரிக்கப் போனதாகத் தெரியவில்லை. அந்தக் குறை அவர்கள் நூல்களில் தெரிகிறது.

வாங்கில் கிடைத்த ஆங்கிலச் சொற்களில் ஆகப் பழையது ‘ஜென்டில்மேன்’. வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது. பாதிரியார் மறு ஆண்டே காலமாகிவிட்டார், பள்ளிக்கூட ஆங்கிலம் நிலைத்துவிட்டது. இன்று ‘ஜென்டில்மேன்’ பட்டம் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிபர்களுக்கும், வேலிச் சண்டையில் கை ஓங்காமல் வீட்டுக்குப் போனவர்களுக்கும் கிடைக்கிறது. போகாமல் நின்றவர்களுக்கு வேறு சொற்கள் உள்ளன, அவை தமிழில்.

‘சிம்பிள்’ என்பதன் இலக்கணம் கொஞ்சம் நுட்பமானது. வாகனம் வாங்க வழியில்லாமல் சைக்கிளில் போகிறவரை ஒருவரும் சிம்பிளான ஆள் என்று சொல்வதில்லை. வீட்டில் வாகனத்தை நிறுத்திவிட்டுச் சைக்கிளில் வருகிறவர்தான் சிம்பிள். அவர் நம்மோடு வாங்கில் குந்தி பிளேன்ரீ குடித்துவிட்டால் ‘சரியான சிம்பிள்’. ஆக, இந்த நற்குணத்துக்கு முதலில் கொஞ்சம் முதல் வேண்டும். ‘இன்னசன்ட்’ இதற்கு நேர் எதிர்: இருந்த முதலையும் யாரிடமோ கொடுத்து ஏமாந்தவருக்கு உரியது.

ஆய்வின் மையச் சொல்லான ‘டீசன்ட்’டுக்கு வருவோம். இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடும் பெண்ணுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்ததாகவே இருக்கும். வருகிறவர் எப்படிப்பட்டவர் என்பது, ஆகையால், கூரை ஓடு வரைக்கும் சம்பந்தப்பட்ட கேள்வி. விசாரணை இப்படி நடக்கும்:

“பொடியன் எப்படி அண்ண?”

“நல்ல டீசன்டான பொடியன்.”

“குடிக்கிறவனோ?”

“அவன் தன்ட பாட்டில இருப்பான்.”

அண்ணன் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. நாளைக்கு ஏதும் நடந்தால் அவரைப் பிடிக்க முடியாது. விசாரித்து வந்த செய்தியைக் கேட்ட மாமி ஒருவர் உடனே தீர்ப்புச் சொன்னார்: “டீசன்ட் எண்டாச் சட்டையப் பாத்துச் சொன்ன. ஆளத் தெரிஞ்சவன் வேற மாதிரிச் சொல்லுவான்.” இதைவிடச் சுருக்கமாக இந்த ஆய்வின் கோட்பாட்டைச் சொல்ல எம்மால் முடியாது. புகழ்கிறவருக்கும் புகழப்படுகிறவருக்கும் இடையே தூரம் கூடக் கூட ஆங்கிலம் கூடும். பக்கத்து வளவுக்காரரை யாரும் டீசன்ட் என்பதில்லை. ஒன்று, “சோலியில்லாத மனிசன்” என்பார்கள். அல்லது கதையை மாற்றுவார்கள்.

கோட்பாட்டைச் சோதிக்கக் கடைக்காரரின் கடன் கொப்பியை அணுகினோம். அதில் நற்குணம் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. பெயர், சாமான், தொகை, கொடுத்து முடித்தவர் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரை ‘ஒனஸ்டான ஆள்’ என்று யாரோ கூட்டிவந்து அறிமுகப்படுத்தியபோது, கடைக்காரர் மிகுந்த மரியாதையுடன் காசை முதலில் கேட்டார்.

2004 கடல்கோளுக்குப் பிறகு புதிய சொற்கள் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்களில் வந்தன. 2006இல் போர் ஊரைப் பெயர்த்தது. சனம் 2007இல் திரும்பியபோது வாகனங்களும் திரும்பின. செயலமர்வுகளில் ‘டிரான்ஸ்பேரன்ட்’, ‘அக்கவுன்டபிள்’ முதலியவை சோற்றுப் பார்சலுடன் விநியோகிக்கப்பட்டன. எல்லாம் இழந்து நின்ற சனத்திடம், உதவிக்குத் தகுதியானவர்தானா என்று படிவம் படிவமாகக் கேட்ட காலம் அது. கொடுக்கிறவர் நல்லவரா என்று கேட்கும் படிவம் ஒன்றும் எங்கள் கையில் அகப்படவில்லை. திட்டங்கள் முடிந்ததும் அச்சொற்களும் மூட்டை கட்டின. ‘வொலன்டியர்’ மட்டும் தங்கிவிட்டார், நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையில்.

ஆய்வின்போது தட்டுப்பட்ட விசித்திரம் ஒன்றையும் பதிய வேண்டும். மேலே சொன்ன பட்டங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கே போகின்றன. ஜென்டில்மேனுக்குப் பெண்பால் கேட்டால் வாங்கில் இருந்தவர்கள் யோசிக்கிறார்கள். பெண்ணை ‘டீசன்ட்’ என்றால் பேச்சு உடனே உடுப்புக்குப் போய்விடும். மற்றபடி ‘அடக்கமான புள்ள’தான். ஆணின் குணத்தை ஆங்கிலத்திடம் தாராளமாக ஒப்படைத்தவர்கள் பெண்ணின் குணத்தைத் தமிழிலேயே காவல் வைத்திருக்கிறார்கள். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பது இதற்குப் போதுமான விளக்கம்.

ஒருவரைப் புகழும்போது அரசாங்கமோ தூரம், கிட்டம் என்று பார்ப்பதில்லை, எழுத்திலேயே கொடுத்துவிடுகிறது. சமாதான நீதவான்களில் சிலர் ஒரு மாவட்டத்துக்கு, சிலர் அகில இலங்கைக்கு. நற்பெயருக்கு எல்லை போட்டுக் கொடுத்த நாடு வேறு உண்டோ, தேடவேண்டும். ஜீ.எஸ். என்று ஊர் அழைக்கும் கிராம உத்தியோகத்தர் தரும் வதிவிட, நற்சான்றுப் பத்திரம் இன்னும் துல்லியமானது. ஆளைத் தெரியுமா, எப்போதிருந்து தெரியும், நீதிமன்றம் தண்டித்ததா, பொதுவேலைகளில் ஈடுபாடு உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, நடத்தைக்கு ஒரு வரி இடம் விடுகிறது. வள்ளுவருக்குப் பத்துக் குறள் தேவைப்பட்ட விடயம். பத்திரம் ஆறு மாதம் செல்லுபடியாகும்.

பேரனின் வேலைக்காக அதை வாங்க வந்த ஆச்சி ஒருவர் திகதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“ஆறு மாசம் நல்லவன் எண்டு எழுதியிருக்கு. மறுகா?”

“மறுகா வாங்கம்மா, புதுசா எழுதித் தாறன்” என்றார் ஜீ.எஸ்.