இது அந்த ‘லெட் இட் பீ’ இல்லை

நல்ல பாட்டு ஒன்று ஓடுகிறது, எல்லோரும் கண்ணை மூடித் தலையாட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்து, “இது சிங்கிள் இல்லைங்க, ஆல்பத்துல வந்தது” என்று சொல்கிற ஆளாக நீங்கள் ஆக வேண்டுமா? பயிற்சி போதும். இசை ஞானம் தேவையில்லை, இருந்தால் இடைஞ்சல்தான். ஞானஸ்தர்கள் பாட்டில் கரைந்துபோவார்கள், இந்த வேலைக்கு லாயக்குப்பட மாட்டார்கள்.

பீட்டில்ஸில் ஆரம்பியுங்கள். சில பாட்டுகளைச் சிறிய இசைத்தட்டில் ஒரு விதமாகவும் பெரிய தட்டில் வேறு விதமாகவும் விற்றவர்கள். போதாததற்கு மோனோவுக்கு ஒரு மிக்ஸ், ஸ்டீரியோவுக்கு இன்னொன்று. நொட்டை சொல்லப் பஞ்சமே வராது.

முதல் பாடம் ‘லவ் மீ டூ’. 1962 செப்டம்பர் 4 அன்று ரிங்கோ ஸ்டார் டிரம்ஸ் வாசித்துப் பதிவு செய்தார்கள். ஸ்டுடியோக்காரர்களுக்குத் திருப்தி இல்லை. 11ஆம் தேதி ஆண்டி வைட் என்ற தொழில்முறை டிரம்மரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ரிங்கோ கையில் ஒரு டாம்பரினைக் கொடுத்துவிட்டார்கள். அக்டோபரில் வந்த சிங்கிளில் இருப்பது ரிங்கோவின் டிரம்ஸ். அடுத்த மார்ச்சில் வந்த ஆல்பத்தில் ஆண்டி வைட்டினுடையது. ஜல்ஜல் என்று டாம்பரின் கேட்டால் ஆல்பம், கேட்காவிட்டால் சிங்கிள். அதைத் தட்டியபோது ரிங்கோவுக்கு வயிறு எப்படி எரிந்திருக்கும் என்பது நம் பாடத்திட்டத்தில் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் நீங்கள் கற்றுக்குட்டி. பிற்பாடு அச்சான சிங்கிள்களிலும் கம்பெனி ஆண்டி வைட்டையே போட்டுவிட்டது. ஆகவே, “என்கிட்ட சிங்கிளே இருக்கு” என்று யாராவது மார்தட்டினால், லேபிள் என்ன நிறம் என்று மட்டும் கேளுங்கள். 1962-இன் சிவப்பு லேபிள் என்றால் ரிங்கோ, வாயை மூடிக்கொள்ளுங்கள். பிறகு வந்த கறுப்பு என்றால், துக்கம் விசாரிக்கிற குரலில், “பரவாயில்லை, விடுங்க” என்று சொல்லுங்கள்.

அடுத்து ‘லெட் இட் பீ’. 1969 ஜனவரி 31 அன்று எடுத்த ஒரே பதிவுதான் சிங்கிள், ஆல்பம் இரண்டுக்கும் அடிப்படை. 1970 மார்ச்சில் சிங்கிள் வந்தது. மே மாதம் வந்த ஆல்பத்தில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் கைவைத்துவிட்டார். நடுவே ஜார்ஜ் ஹாரிசனின் கிட்டார் வருமே, அங்கேதான் எல்லோரும் காதைத் தீட்டுவார்கள். சிங்கிளில் அது சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக வரும். தண்ணீருக்கடியில் வாசித்தது போல அடக்கமாக இருக்கும். ஆல்பத்தில் இருப்பது பின்னால் சேர்த்த வேறொரு வாசிப்பு, உறுமிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். (எனக்குச் சிங்கிள்தான் பிடிக்கும். வெளியே சொல்வதில்லை, பிடிப்பது பிடிக்காதது பற்றிப் பேசினால் நிபுணர் என்ற மரியாதை போய்விடும்.)

ஆனால் கிட்டார் வரும்வரை காத்திருப்பது சோம்பேறித்தனம். இரண்டாவது சரணத்திலேயே டிரம்ஸின் ஹை-ஹாட் தாளத்தட்டுச் சத்தத்தைப் பிடியுங்கள். எதிரொலித்துத் தடதடத்தால் அது ஸ்பெக்டரின் வேலை. கிட்டாருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடலாம். கடைசியில் ஆல்பத்தில் பல்லவி ஒரு தரம் கூடுதலாக வரும். அதற்குள் விருந்தாளிகள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மேற்படிப்புக்கு: ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ ஸ்டீரியோவில் கடைசிச் சரணத்தில் ஜான் லெனன் வார்த்தையைக் கோட்டைவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டே பாடுவார். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் வேகமும் சுருதியும் ஒரு படி அதிகம்.

ஒரு தொழில் ரகசியம். முதலில் படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள். படிக்காமலே காதால் கண்டுபிடித்தேன் என்பவர்களும் படித்தவர்களே. சிங்கிள் வடிவங்களில் பலவற்றை 1988-இல் வந்த ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டில் ஆளில்லாத நேரத்தில் மனப்பாடம் செய்யுங்கள்.

யாராவது உங்களையே மடக்கினால் பதறாதீர்கள். “நீங்க சொல்றது ஸ்டீரியோவுக்குச் சரி” என்று ஒரு போடு போடுங்கள். மோனோ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் விருந்துக்கு வருவதில்லை. ‘லெட் இட் பீ’ ஆல்பத்திடம் மட்டும் இந்த வித்தையைக் காட்டாதீர்கள். அதற்குத் தனி மோனோ மிக்ஸே கிடையாது.