புஷ் பண்ணினால் போதுமா?

கேள்வி: எங்கள் காய்கறி மண்டியின் விலைப்பட்டியலுக்கு மகன் ஒரு வலைத்தளம் செய்து தந்தான். கேரள வியாபாரிகள் அதைப் பார்த்துத்தான் லாரி அனுப்புகிறார்கள். மகன் வெளியூர் போனால் விலை பழையதாகவே நிற்கிறது. வழி உண்டா?
– மண்டிக்காரர், ஒட்டன்சத்திரம்

பதில்: மகன் வரும்வரை தக்காளி விலை காத்திருக்காதே! தளத்தை ‘கிட்’ என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளில் வையுங்கள். சர்வரில் ‘போஸ்ட்-ரிசீவ்’ ஹுக் ஒன்றை, அதாவது மாற்றங்கள் வந்துசேர்ந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்டை, எழுதச் சொல்லுங்கள். பிறகு விலையைத் திருத்தி கமிட் (பதிவு) செய்து, புஷ் செய்தால் (சர்வருக்கு அனுப்பினால்) போதும். புதிய பக்கத்தைத் தளத்தின் ஃபோல்டரில் சர்வரே வைத்துவிடும். அதை மகன்தான் செய்ய வேண்டும் என்றில்லை, கணக்குப்பிள்ளையே செய்யலாம்.

கேள்வி: அந்த ஹுக் பெரிய புரோகிராமா?
– கணக்குப்பிள்ளை, அதே மண்டி

பதில்: பயப்படாதீர்கள், இரண்டு வரிதான். முதல் வரி, இது ஷெல் ஸ்கிரிப்ட் என்று சொல்லும். இரண்டாவது, ‘கிட் செக்அவுட்’டை எந்த ஃபோல்டரில் செய்வது என்று சொல்லும். சர்வரில் ‘பேர்’ ரெப்போ (வேலைக் கோப்புகள் இல்லாத கிட் களஞ்சியம்) வைத்து, அதன் ‘ஹுக்ஸ்’ ஃபோல்டரில் இந்தக் கோப்பைப் போட வேண்டும்.

கேள்வி: போட்டேன், புஷ்ஷும் பண்ணினேன். தளம் அசையவே இல்லை!
– கல்லூரி மாணவர், பழனி

பதில்: கோப்புக்கு ‘போஸ்ட்-ரிசீவ்.எஸ்எச்’ என்று வால் வைத்திருந்தால் வெட்டுங்கள். ‘சிஎச்மாட்’ போட்டு இயங்கும் அனுமதி கொடுங்கள். உங்கள் லேப்டாப்பில் எழுதிவிட்டுக் காத்திருந்தால் விடியாது. ஹுக்குகள் புஷ்ஷோடு சேர்ந்து போகாது.

கேள்வி: 20 ரூபாய் தக்காளியை 200 என்று அடித்துவிட்டால்?
– முருங்கை வியாபாரி, கள்ளிமந்தையம்

பதில்: கொஞ்சமும் கூச்சப்படாமல் ஏற்றிவிடும். ஆகவே, ஏற்றுவதற்கு முன் சோதனை வேண்டும். ‘ப்ரீ-கமிட்’ ஹுக் உங்கள் கணினியிலேயே தடுக்கும். ஆனால் ‘நோ-வெரிஃபை’ என்று சொல்லி அதைத் தாண்டிவிடலாம். சர்வரில் நிற்கும் ‘ப்ரீ-ரிசீவ்’விடம் அது பலிக்காது. நேற்றைய விலையைவிட மூன்று மடங்கு என்றால் மொத்தப் புஷ்ஷையும் திருப்பி அனுப்பும்படி எழுதலாம். அதையும் மீறிப் போனால் ‘கிட் ரிவர்ட்’ செய்து மறுபடி புஷ். பழைய விலை திரும்பிவிடும்.

கேள்வி: இந்த கிட் எப்படிப் பிறந்தது?
– ஆசிரியை, கொடைக்கானல்

பதில்: ஒரு தகராறில். லினக்ஸ் கெர்னல் குழுவினர் பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளின் இலவச அனுமதி 2005இல் நின்றது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரலில் உட்கார்ந்து கிட்டை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே கிட் தன் சொந்தக் கோடைத் தானே சுமந்தது. அந்தத் தகராறில் பெயர் அடிபட்ட ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், 1996இல் வந்த ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவர். தளம் ஏற்ற அதையும்தான் பயன்படுத்துகிறோம். ஆக, இரு தரப்பாலும் லாபம் நமக்கே.

கேள்வி: மலையில் நெட் அடிக்கடி போகிறது. சொந்த சர்வரும் இல்லை.
– பூண்டு விவசாயி, பூம்பாறை

பதில்: கமிட் செய்ய நெட் தேவையில்லை, சிக்னல் வந்ததும் புஷ் பண்ணுங்கள். சர்வருக்குப் பதில் கிட்ஹப் பேஜஸ் போதும். அங்கே உங்கள் சர்வர் ஹுக்கை வைக்க முடியாது. அந்த வேலையைக் கிட்ஹப்பின் ‘ஆக்‌ஷன்ஸ்’ பார்த்துக்கொள்ளும். மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடே 2019இல் வந்துவிட்டது. வலைத்தளத்துக்கு இன்னும் என்ன தயக்கம்?

கேள்வி: பாஸ்வேர்டையும் சேர்த்து கமிட் செய்துவிட்டேன். அழித்து மறுபடி புஷ் பண்ணினேன். தப்பித்தேனா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: இல்லை. அழித்தது இன்றைய கோப்பில் மட்டும். பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது. பதிலைப் படித்து முடிக்கக் காத்திருக்காமல் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பெயரை மறைத்தது மட்டும் நல்ல காரியம்.