ஊசி குத்திக்கப் போற பேராண்டிக்கு

இன்னா பேராண்டி, கழுத்து வலிக்கு அக்குபஞ்சர் பண்ணிக்கப் போறியாமே? போ ராசா, போ. தடுப்பூசி போட நர்சம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தா, வேலப்பன்சாவடியில எகிறிக் குதிச்சி திருவேற்காடு வரைக்கும் ஓடின பய நீ. இன்னைக்கு இருபது ஊசிக்கு முன்பணம் கட்டிட்டு வந்து நிக்கற. சீனாப் பொம்மை வாங்காதேன்னு போன்ல ஊருக்கே புத்தி சொன்னவன், சீனா ஊசிக்கு மட்டும் முதுகைத் தொறந்து காட்டற!

கிண்டல் பண்றேன்னு கோச்சிக்காத. விஷயம் நேத்து மொளைச்சது இல்ல. 1938-ல ஜப்பான்காரன் சீனாவைப் போட்டு அடிச்சப்போ, அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பார்க்க நம்ம நாட்டுல இருந்து அஞ்சு டாக்டருங்க போனாங்க. அதுல கோட்னிஸ் 1942-ல அங்கியே கண்ணை மூடிட்டாரு. கூடப் போன பாசு, 1950-கள் முடியறப்போ திரும்பவும் போயி இந்த ஊசி வித்தையைக் கத்துக்கினு கல்கத்தாவுக்கு வந்தாரு. 2019-ல மத்திய சர்க்காரும் இதை ஒரு சிகிச்சை முறைன்னு ஒத்துக்கிச்சு. நம்ம ரோட்டுல பஸ் ஏறினா அரும்பாக்கம். அங்க அரசு யோகா, இயற்கை மருத்துவக் காலேஜ் பசங்க படிக்கிற படிப்புலயே அக்குபஞ்சர் உண்டு. நீ என்னடான்னா, போன்ல வந்த விளம்பரத்தை நம்பிக் காசு கட்டியிருக்க.

ஊசி போடற எடத்துக்குள்ள போனா மணிக்கட்டுல மூணு விரலை வெச்சி நாடி பார்ப்பாங்க, நாக்கை நீட்டச் சொல்லுவாங்க. உடம்புல 361 புள்ளியாம், அதுங்க வழியா உயிர்சக்தி ஓடுதாம். நம்ம வர்மக்காரங்க 108-ஓட நிறுத்திக்கினாங்க, சிக்கனம்! அறுத்துப் பார்த்த டாக்டருங்க யாரும் அந்தப் பாதையைக் கண்டது இல்ல. "மழை பெஞ்சா பூந்தமல்லி ஹைரோடே கண்ணுக்குத் தெரியல, அதுக்காக ரோடே இல்லேன்னுடுவியா தாத்தா"ன்னு கேப்ப. நல்லாத்தான் கேக்கற.

ஆனா ஜெர்மனிக்காரன் உன்னைவிட வெவரம். முதுகு வலிக்காரங்க 1,162 பேரை மூணு பங்காப் பிரிச்சான். ஒரு பங்குக்குப் புள்ளி பார்த்துக் குத்தினான். இன்னொரு பங்குக்குப் புள்ளியே இல்லாத எடத்துல, மேலாக்க குத்தினான். மூணாவது பங்குக்கு வழக்கமான மருந்து, உடற்பயிற்சி. ஆறு மாசம் கழிச்சி எடுத்து, 2007-ல வெளியான கணக்கு: சரியா குத்தினதுல 100-க்கு 48 பேருக்கு நல்ல முன்னேற்றம், தப்பா குத்தினதுல 44, ஊசியே இல்லாதவங்கள்ல 27. குத்தினா வலி கொறையுது, எங்க குத்தினாலும்! என் கணக்கு இன்னான்னா, உன்னைக் குப்புறப் படுக்க வெச்சி, போனைப் பிடுங்கி ஓரமா வெச்சி, "எங்கப்பா வலிக்குது"ன்னு ஒருத்தர் அரை மணி நேரம் பொறுமையா கேப்பாரே, பாதி வைத்தியம் அதுலதான் இருக்கு. அதுக்குக் காசு குடுக்கறது தப்பில்ல.

போறதுன்னா கண்ணைத் தொறந்து வெச்சிக்கினு போ. ஊசி கால் மில்லிமீட்டர் கனம்தான், முடி மாதிரி இருக்கும். உன் எதிர்ல உறையைப் பிரிச்சாங்களான்னு பாரு. ஒருத்தனைக் குத்தினதை உனக்குக் குத்தினா மஞ்சக்காமாலையும் கூடவே வரலாம். தோள்பட்டையில ஆழமா எறக்கினா நுரையீரல்ல ஓட்டை விழலாம். யாருகிட்ட படிச்சீங்கன்னு கூச்சப்படாம கேளு.

இப்ப மெயின் சமாச்சாரத்துக்கு வரேன். உங்கம்மாவையும் சக்கரைக்குன்னு கூட்டினு போறியாமே? "மருந்தில்லா மருத்துவம், மாத்திரையைத் தூக்கிப் போடுங்க"ன்னு அங்க யாரோ சொன்னாங்களாமே? இதைக் கேட்டுதான் வாயைத் தொறந்தேன். சீனாக்காரியே பழைய ஏட்டைக் கண்ணை மூடிக்கினு நம்பல. தூ யூயூன்னு ஒரு அம்மா, ஏட்டுல இருந்த மூலிகையை எடுத்து, சோதனைக்கூடத்துல வடிச்சிப் பார்த்து, மலேரியாவுக்கு மருந்தாக்கி, 2015-ல நோபல் வாங்கினாங்க. சோதிச்சுப் பார்த்தது நெலைச்சு நின்னுச்சு. சக்கரைக்கு மாத்திரையை விட்டுட்டு ஊசி போதும்னு எவனும் அப்படி நிரூபிக்கல. சந்தேகம்னா நம்மூர்லயே மெடிக்கல் காலேஜ் இருக்கு, நடந்து போய்க் கேளு.

உன் கழுத்து, உன் காசு, எத்தனை வேணா குத்திக்கோ. குனிஞ்ச தலை நிமிராம போன் பார்க்கறதையும் கொறைச்சிக்கோ, அது ஓசி வைத்தியம். உங்கம்மா மாத்திரை டப்பா மேல மட்டும் கை வைக்காத.