ஊதுமா, ஊதாதா?

கேள்வி: மால், தியேட்டர் கழிவறைகளில் கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே கையை நீட்டினால் ஒரு நேரம் ஊதுகிறது, மறுநேரம் கண்டுகொள்வதே இல்லை. என் கையில் ஏதாவது தோஷமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தோஷம் உங்கள் கையில் இல்லை, அதன் கண்ணில். அடியில் கறுப்பாக ஒரு சின்னக் கண்ணாடி தெரிகிறதே, அதுதான் சென்சார். அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது கையில் பட்டுத் திரும்பினால்தான் ஊதும். கண்ணாடியில் சோப்புக் கறை படிந்தால் நீங்கள் விஐபியே ஆனாலும் அதற்குத் தெரிய மாட்டீர்கள்.

பழைய மாடல் பொறுமைசாலி. வெந்நீர் ஆவி மாதிரி இளஞ்சூட்டில் ஊதி ஈரத்தை ஆவியாக்கும். அதற்குள் படத்தில் இடைவேளை முடிந்துவிடும். 1993-இல் மிட்சுபிஷியும் 2006-இல் டைசனும் வேறு வழி பிடித்தன: சூட்டை நம்பாமல், காற்றை வேகமாக அடித்து நீரை வழித்தெடுப்பது. டைசன் சொல்லும் வேகம் மணிக்குச் சுமார் 640 கி.மீ. கை சீக்கிரம் காய்கிறது, சரி. ஆனால் இயந்திரத்தின் மேலுள்ள பள்ளத்துக்குள் கையை விட்டு, இருபக்கமும் இடிக்காமல் மெல்ல மேலே இழுக்க வேண்டும். வளையல் போட்டவர்கள் பாடு பெரும்பாடு! சத்தமோ காதைப் பிளக்கும். குழந்தைகளின் காது உயரத்தில் சில இயந்திரங்கள் 100 டெசிபலைத் தாண்டுவதை அளந்து, 2019-இல் மருத்துவ இதழில் கட்டுரையே வெளியிட்டார் கனடாவின் கால்கரியைச் சேர்ந்த 13 வயது மாணவி. வடிவமைத்த பெரியவர்கள் குனிந்து பார்க்கவில்லை போலிருக்கிறது.

அடுத்த முறை ஊதாவிட்டால் ஜாதகம் பார்க்குமுன் சுவரில் சுவிட்சைப் பாருங்கள். யாராவது அணைத்து வைத்திருப்பார்கள்.