அடுப்புக்கு எந்தக் காப்பகம்?

பெறுநர்: ஆணையர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை.

அனுப்புநர்: நடைபாதைவாசிகளைக் காப்பகத்துக்கு அழைத்துப் பார்க்கும் தன்னார்வலர்களில் ஒருவன்.

பொருள்: வீடற்றவர்கள் விதிப்படி வீடற்றிருக்கத் தவறுவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

தங்கள் பேரில் குறையே இல்லை. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்களும் திறந்தீர்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, முதியோருக்குத் தனி. அரசு மருத்துவமனை நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்களுக்குக்கூட உண்டு. குற்றமெல்லாம் நடைபாதைக்காரர்கள் மேல்தான். குடும்பமாக வாழ்கிறார்கள்!

பாரிமுனைப் பக்கம் ஓர் அம்மாவிடம், "காப்பகத்துக்குப் போலாம், வாங்கம்மா" என்று கூப்பிட்டால் அவர் விசாரணை நடத்துகிறார்.

"சரிப்பா, எங்க வூட்டுக்காரரு?"

ஆண்கள் காப்பகம்.

"மாமியா?"

முதியோர் காப்பகம்.

"பையன்?"

சிறுவர் காப்பகம்.

"அப்ப இந்த அடுப்பு, பாத்திரமெல்லாம்?"

அடுப்புக்கான காப்பகம் தங்கள் பட்டியலில் இல்லாததால் நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிவிடுகிறோம்.

இந்த நடைபாதைக் குடும்பத்தார் அதே இடத்தில் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறார்கள். மொத்தக் கடைகளில் மூட்டை தூக்குவதும் மீன்பாடி வண்டி மிதிப்பதும் பிழைப்பு. சிலரிடம் வாக்காளர் அட்டையும் உண்டு. அந்த நடைபாதை ஓட்டுக்கு முகவரி, உறக்கத்துக்கு ஆக்கிரமிப்பு. பெரும்பாக்கத்தில் வீடு தந்தால் போகலாமே என்பீர்கள். போகலாம்தான், பாரிமுனை மூட்டைகளும் பெரும்பாக்கம் வரச் சம்மதிக்க வேண்டுமே.

எண்ணிக்கை தெரியாமல் எப்படித் திட்டமிடுவது என்றும் கேட்பீர்கள். நியாயம். 2011 பிப்ரவரி 28 இரவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணினார்கள். அடுத்தது 2021-இல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அன்றிரவு எண்ணப்பட்ட கைக்குழந்தைக்கு இப்போது பத்தாம் வகுப்பு படிக்கும் வயது.

எங்கள் கூட்டமும் லேசுப்பட்டதல்ல. ஞாயிறு இரவு ஒரே தெருவுக்கு மூன்று பிறந்தநாள் பிரியாணி வரும், கூடவே கேமரா வரும். செவ்வாய்க்கிழமை யாரும் பிறப்பதில்லை. இப்படிச் சோறு போடுவதற்கும் முறை வகுத்துப் பார்த்தார்கள்: 2020 ஊரடங்கில் அமைப்புகள் நேரடியாக உணவு வழங்க மாநில அரசு தடை போட்டது, வழக்கு உயர் நீதிமன்றம் போனபின், அனுமதி வேண்டாம், 48 மணி நேரம் முன்னதாகத் தகவல் தந்தால் போதும் என்றானது. நாளை மறுநாள் பசிக்கப்போவதை இன்றே தெரிந்துகொள்ளும் பயிற்சியை மட்டும் யாரும் அளிக்கவில்லை.

ஆகவே, புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, கிழவி, அடுப்பு எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கும்படி, வேலைக்கு நடந்தே போகும் தூரத்தில் குடும்பக் காப்பகங்கள் திறக்க ஆவன செய்யுங்கள். அதுவரை, சாமான்களை அள்ள லாரி அனுப்பும் நாளில் முன்தகவல் தரச் சொல்லுங்கள். 48 மணி நேரமெல்லாம் வேண்டாம். பாத்திரத்தை எடுத்துவைக்க அரை மணி போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
தன்னார்வலன்